மரத்தில் செய்த பெண்டுலக் கடிகாரம் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது: எங்கே கோளாறு?

நடைவண்டி · மதுரை · நவம்பர் 9, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், நான் தொடங்கும் முதல் இழை இது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் தாத்தா வீட்டை இடித்தபோது நிலைக்கதவின் பலகைகளை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வைரம் பாய்ந்த பழைய தேக்கு. இழைப்புளி பிடித்தால் இன்னும் எண்ணெய் வாசனை வருகிறது. அதை மேசையாகவோ அலமாரியாகவோ ஆக்க மனம் வரவில்லை, அசைகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பற்சக்கரம், சட்டம், முள், பெண்டுலக் கோல் எல்லாமே மரத்தில் ஒரு சுவர்க் கடிகாரம். ஏப்ரலில் ஆரம்பித்து மே கடைசியில் முடித்தேன். ஜூன் முதல் வாரம் மாட்டினேன். தினமும் எடையை ஏற்றிவிட்டால் போதும், நான்கு நாள் நிற்காமல் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன்.

அப்புறம் வேலை விஷயமாக வெளியூர் போக வேண்டியிருந்ததால் கழற்றித் துணி போட்டு மூடி வைத்தேன். தீபாவளிக்கு வந்து திரும்ப மாட்டினால் பத்து நிமிடம், மிஞ்சிப் போனால் இருபத்தைந்து நிமிடம். அதோடு நின்றுவிடுகிறது.

விவரங்கள்: ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு பெண்டுலம். எஸ்கேப்மென்ட் (பெண்டுலத்தின் வீச்சுக்கு வீச்சு சக்கரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகரவிடும் அமைப்பு) சக்கரத்தில் 30 பல், நிமிடத்துக்கு ஒரு சுற்று. நிமிட முள் அச்சில் 64 பல் சக்கரம், அது 8 பல் பினியனை (சிறிய பற்சக்கரம்) தள்ளும். அந்த அச்சில் 60 பல் சக்கரம், அது எஸ்கேப்மென்ட் அச்சின் 8 பல் பினியனைத் தள்ளும். மாடுல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 3. சக்கரங்கள் 6 மி.மீ. தேக்குப் பலகை. அச்சுகள் 6 மி.மீ. தேக்குக் குச்சி, மரத் துளையிலேயே சுழல்கின்றன. எடை 2.5 கிலோ, 24 மணி நேரத்துக்கு 1 மீட்டர் இறங்கும்.

ஓடவில்லை என்றதும் எடையை 5 கிலோ ஆக்கினேன். 64 பல் சக்கரத்தில் இரண்டு பல் முறிந்தது. ஒட்டி வைத்திருக்கிறேன். தையல் மெஷின் எண்ணெயும் விட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. எங்கே பார்ப்பது என்று சொல்லுங்கள்.

---

கடைசல்காரர் · அம்பாசமுத்திரம் · நவம்பர் 9, இரவு 10:05

தம்பி, முதல் வேலையாக அந்த 5 கிலோவை இறக்குங்கள். ஐந்து மாதம் முன்னால் 2.5 கிலோவில் ஓடிய பொருள் இன்றைக்கு ஓடவில்லை என்றால் பலம் குறையவில்லை, எங்கேயோ பிடிக்கிறது என்று அர்த்தம். பிடிக்கிற இடத்தில் எடையைக் கூட்டினால் பல்தான் போகும், போயும் விட்டது.

எண்ணெய் இனி ஒரு சொட்டும் வேண்டாம். மாட்டு வண்டி அச்சுக்கு வண்டி மை போடுவது வேறு, அங்கே இழுக்க இரண்டு மாடு இருக்கிறது. கடிகாரத்தில் எண்ணெய் மரத்துக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொண்டு பிசினாகிவிடும். விட்ட இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். பல்லுக்கு 6பி பென்சில் கரியைத் தேய்த்தால் போதும்.

அப்புறம் ஒரு சோதனை. எஸ்கேப்மென்டின் நங்கூரத்தை (பல்லை மாறி மாறிப் பிடித்து விடும் துண்டு) கழற்றி வைத்துவிட்டு, எடைக் கயிற்றில் 50 கிராம் மட்டும் கட்டுங்கள். சக்கரங்கள் தாமாகச் சுழன்று ஓட வேண்டும். ஒரே வேகத்தில் ஓடுகிறதா, எங்கேயாவது தயங்கித் தயங்கிப் போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

லேசர்தம்பி · கோவை · நவம்பர் 9, இரவு 10:31

தேக்கை அப்படியே சக்கரமாக வெட்டியது தப்பு அண்ணா. 6 மி.மீ. பிர்ச் பிளைவுட் வாங்கி லேசரில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மொத்த செட்டும் கையில் இருக்கும். பல் உடையாது, வடிவமும் துல்லியமாக வரும். நான் இரண்டு கடிகாரம் அப்படித்தான் செய்தேன், இரண்டும் ஓடுகின்றன.

---

சொப்புப்பெட்டி · திருச்சி · நவம்பர் 10, காலை 6:15

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மர இயக்க பொம்மைகள் செய்கிறேன். கைப்பிடியைச் சுற்றினால் கோழி கொத்தும், மீன் நீந்தும், அந்த வகை. உங்கள் கடிகாரம் அளவுக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை டீச்சர்" என்பதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. எதையும் தொடுவதற்கு முன்னால் பென்சிலை எடு.

ஒவ்வொரு சக்கரத்தின் பல்லுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதுங்கள். ஓட விடுங்கள். நின்றதும் கையை வைக்காமல், எந்தெந்தப் பல் எதிரே எந்தெந்தப் பல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை நிற்கட்டும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி அந்தச் சக்கரம். எண்கள் கலந்து வந்தால் அச்சையோ பெண்டுலத்தையோ பார்க்க வேண்டும்.

போன வருடம் ஒரு பையன் செய்த குதிரை வண்டி மழைக்காலத்தில் மட்டும் நின்றது. அதுவும் காதில் விழட்டும் என்று சொல்கிறேன்.

---

நடைவண்டி · நவம்பர் 12, இரவு 8:50

மூன்று பேருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி எண் போட்டேன். பத்து முறை நிற்க விட்டேன். 60 பல் சக்கரத்தில் எண்கள் மாறி மாறி வந்தன. 64 பல் சக்கரத்தில் மட்டும் ஆறு முறை 17 அல்லது 18, நான்கு முறை 49.

நங்கூரம் இல்லாத சோதனையில் 50 கிராமுக்கு அசையவே இல்லை, 200 கிராம் வைத்ததும் ஓடியது. ஆனால் ஒரே சீராக இல்லை. மூச்சு வாங்குவது போல வேகமாகிறது, தளர்கிறது, திரும்ப வேகமாகிறது.

ஒன்று கவனித்தேன். முறிந்து ஒட்டிய பற்கள் 16-உம் 50-உம். அதனால்தான் பிடிக்கிறதோ என்று அரம் போட்டுத் தேய்த்தேன். இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

---

தறிமேடை · குமாரபாளையம் · நவம்பர் 13, காலை 5:40

தம்பி, 17-க்கும் 49-க்கும் இடையில் எத்தனை பல்? 32. அதாவது சரியாக எதிரெதிர்ப் பக்கம், பாதிச் சுற்று. நிமிட அச்சு மணிக்கு ஒருமுறை சுற்றுவதால் அரை மணிக்கு ஒருமுறை அந்த இறுக்கமான இடம் வரும். எங்கே ஆரம்பித்தாலும் அரை மணிக்குள் நின்றுதான் ஆக வேண்டும். நீங்கள் சொன்ன பத்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம் இரண்டும் இந்தக் கணக்கில் அடங்குகின்றன.

ஒரு சக்கரம் எதிரெதிர் இரண்டு இடத்தில் இறுகினால் அது வட்டமாக இல்லை, முட்டை வடிவம் ஆகிவிட்டது. நான் நாற்பது வருடம் தறி பழுது பார்த்தவன். விசைத்தறி வருவதற்கு முந்தைய மரத் தறிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். படமரத்தின் (நெய்த துணி சுற்றிக்கொள்ளும் உருளை) தலையில் இருக்கும் பல்சக்கரம் கோடையில் ஒரு மாதிரி, ஐப்பசியில் ஒரு மாதிரி.

காரணம் எளிது. மரம் ஈரத்தைக் குடித்தால் நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளாது. நாருக்குக் குறுக்கேதான் உப்பும். குறுக்கிலும் இரண்டு வகை உண்டு. பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் பலகையின் அகலத்தோடு படுத்து, கவிழ்த்த கிண்ணம் போல வளைந்திருந்தால் அந்தப் பலகை அகலவாக்கில் அதிகம் உப்பும். வளையங்கள் சீப்புப் பல் போலச் செங்குத்தாக நின்றால் ஏறக்குறைய பாதிதான் உப்பும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது, அதற்காக உப்பாமல் இருக்காது.

ஒரு வேலை செய்யுங்கள். வெர்னியர் வைத்து 64 பல் சக்கரத்தை நார் ஓடும் திசையிலும் குறுக்குத் திசையிலும் அளந்து எழுதுங்கள். 60 பல் சக்கரத்தையும். இரண்டுக்கும் பலகையின் வெட்டுமுகம் எப்படி இருந்தது என்பதும் வேண்டும்.

இன்னொன்று. 16, 50 முறிந்தது தற்செயல் இல்லை. நார் செங்குத்தாக ஓடும்படி சக்கரத்தைப் பிடித்தால், உச்சியிலும் அடியிலும் உள்ள பல்லில் நார் பல்லின் நீளத்தோடு போகும். அது பலமான பல். பக்கவாட்டில் இருக்கிற பல்லில் நார் பல்லின் அடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். விறகு பிளக்கிற திசை அது. கைவிரலால் தட்டினாலும் போய்விடும். உப்புகிற பக்கமும் அதே பக்கம்தான். பலவீனமான இடத்திலேயே இறுக்கமும் சேர்ந்துகொண்டது.

---

நடைவண்டி · நவம்பர் 13, இரவு 10:12

ஐயா, அளந்தேன்.

64 பல்: நார் திசையில் 198.0 மி.மீ., குறுக்கே 199.5.
60 பல்: நார் திசையில் 186.0, குறுக்கே 186.7.

64 பல் சக்கரம் வெட்டிய பலகையின் மிச்சத்தை எடுத்துப் பார்த்தேன். வளையங்கள் கவிழ்ந்த கிண்ணம்தான். 60 பல் சக்கரம் வேறு பலகை, அதில் வளையங்கள் சீப்புப் பல் மாதிரி நிற்கின்றன. நீங்கள் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது.

மே மாதம் வெட்டும்போது இரண்டையும் எல்லாப் பக்கமும் அளந்து சரிபார்த்தேன். வட்டமாகத்தான் இருந்தன.

---

தறிமேடை · நவம்பர் 14, காலை 5:30

சரி, இப்போது கணக்குப் போடுங்கள். மாடுல் 3 பல்லில் ஒரு பல்லின் முனைக்கும் எதிர்ப் பல்லின் பள்ளத்துக்கும் இடையே விடுகிற இடைவெளி வழக்கமாக மாடுலில் கால் பங்கு, அதாவது 0.75 மி.மீ. உங்கள் சக்கரம் விட்டத்தில் 1.5 உப்பியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 0.75. பல்லின் முனை போய்ப் பள்ளத்தில் முட்டுகிறது. 60 பல் சக்கரம் ஒரு பக்கத்துக்கு 0.35தான் உப்பியது, அதனால் தப்பித்தது.

மதுரையில் மே மாதம் காய்ந்த காற்றில் வெட்டினீர்கள். இப்போது ஐப்பசி அடைமழை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு நான்கு பங்கு ஏறினாலே தேக்கில் இவ்வளவு வரும்.

---

பனிமழை · டொரன்டோ · நவம்பர் 14, மாலை 7:02

உங்கள் பிரச்சினையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. சிரிப்பு எதற்கென்றால் எனக்கு இங்கே நேர் எதிராக நடக்கிறது. கனடாவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி வைத்திருப்பதால் உள்ளே ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். என்னுடைய கடிகாரம் ஆவணியில் நன்றாக ஓடும், தை மாதம் சக்கரம் சுருங்கிப் பல் பல்லோடு சரியாகப் பொருந்தாமல் நழுவும். நான் யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை பழகியவன். அங்கே பழகிய கை, இங்கே முதல் இரண்டு வருடமும் பிழையாகத்தான் வேலை செய்தது.

இது நாங்கள் மட்டும் படும் பாடு இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஈலை டெர்ரி என்பவர் 1807 வாக்கில் ஒரு ஒப்பந்தம் எடுத்து, மூன்று வருடத்தில் 4000 மரக் கடிகார இயந்திரங்கள் செய்து கொடுத்தார். சக்கரம் செர்ரி மரம், பினியன் மலை லாரல் மரம், சட்டம் ஓக். தண்ணீர் ஆற்றலில் ஓடும் ரம்பம் வைத்துப் பல் வெட்டினார்கள். அந்தத் தொழிலுக்கே பெரிய தலையிடி, கப்பலில் ஏற்றி அனுப்பினால் கடல் ஈரத்தில் சக்கரங்கள் ஊதிவிடும் என்பதுதான். 1830-களின் கடைசியில் மலிவான பித்தளைக் கடிகாரம் வந்ததும் மரம் பின்வாங்கியது.

ஆனால் மரத்தால் முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கக் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் அடிப்படையில் தச்சர். 1713-இல் தன் முதல் கடிகாரத்தை மரத்தில்தான் செய்தார். அவர் ஓக் சக்கரத்தை ஒரே பலகையில் வெட்டவில்லை. பற்களைச் சிறு சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் நார் மையத்திலிருந்து வெளியே ஓடும்படி வெட்டி, விளிம்பில் பள்ளம் எடுத்து இறக்கினார். அப்படிச் செய்தால் எல்லாப் பல்லும் பலமான பல். உரசும் இடங்களுக்கு லிக்னம் வைட்டே என்கிற, தானாகவே எண்ணெய் கசியும் மரத்தைப் போட்டார். இங்கிலாந்தின் பிராக்கிள்ஸ்பி பார்க்கில் 1722 வாக்கில் அவர் வைத்த கோபுரக் கடிகாரம் எண்ணெய் இல்லாமல் இன்றும் ஓடுகிறது.

தறிமேடை ஐயா சொன்ன பலவீனமான பல்லுக்கு மருந்து 300 வருடம் முன்பே இருந்திருக்கிறது.

---

லேசர்தம்பி · நவம்பர் 14, இரவு 9:45

எல்லாம் சரி, ஆனால் 64 பல்லையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக பிளைவுட் அதையேதான் செய்கிறது. குறுக்கும் நெடுக்கும் நார் இருப்பதால் எந்தப் பக்கமும் உப்பாது, எந்தப் பல்லும் பலவீனம் இல்லை. ஏன் கஷ்டப்பட வேண்டும்?

---

கடைசல்காரர் · நவம்பர் 14, இரவு 10:20

தம்பி சொல்வது தப்பில்லை. பிளைவுட் நல்ல பொருள்தான், நல்ல பிளைவுட் கிடைத்தால். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில் நடு அடுக்கில் சந்து விட்டிருப்பார்கள். பல் வெட்டும்போது அந்தச் சந்து ஒரு பல்லின் அடியில் வந்தால் தொலைந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரம் முழுக்கத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். லேசரும் ஒட்டுப் பசை கட்டியாக இருக்கிற இடத்தில் முழுக்க ஊடுருவாது, கரியும் படியும். அந்தக் கரியை உப்புத்தாளில் தேய்த்து எடுக்காமல் மாட்டினால் பல்லோடு பல் உரசி மாவு மாதிரி கொட்டும்.

ஆனால் இந்தத் தம்பி கேட்பது எப்படிச் சுலபமாகக் கடிகாரம் செய்வது என்பதை அல்ல. தாத்தா வீட்டுக் கதவு ஓட வேண்டும் என்கிறார்.

---

நடைவண்டி · நவம்பர் 14, இரவு 11:02

ஆமாம் அண்ணே. அதுதான். பிளைவுட் சக்கரம் போட்டால் ஓடும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்தக் கதவு சுவரில் சும்மா சட்டமாக மட்டும் நிற்பது எனக்கு வேண்டாம். அப்பாவின் அறையில் மாட்டத்தான் செய்தேன். அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு அது.

தேக்கையே மெல்லிசாக அறுத்து நானே பிளைவுட் செய்தால் என்ன? 2 மி.மீ. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றையும் 60 பாகை திருப்பி ஒட்டலாமா?

---

தறிமேடை · நவம்பர் 15, காலை 5:35

யோசனை நல்லது, கோணம் தப்பு. 60 பாகை திருப்பினால் மேலடுக்கும் கீழடுக்கும் வேறு வேறு திசையில் இழுக்கும். சக்கரம் அப்பளம் மாதிரி முறுக்கிக்கொள்ளும். மேலும் கீழும் ஒரே திசை, நடுவில் அதற்குச் செங்குத்து. நடு அடுக்கு தடிமனாக இருக்கட்டும். மேலே 1.5, நடுவில் 3, கீழே 1.5. அப்போது இரண்டு திசைக்கும் மரம் சமமாக இருக்கும், மேலும் கீழும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் இரண்டு முகத்தையும் அசிட்டோனில் துடையுங்கள். ஒட்டியபின் தட்டையான கிரானைட் துண்டு இரண்டுக்கு நடுவே இரண்டு நாள் இறுக்கி வையுங்கள். வாள்பட்டறையில் பேண்ட்சா வைத்திருக்கிறவரிடம் கொடுத்தால் 3 மி.மீ.க்கு அறுத்துத் தருவார். 1.5-க்கு நீங்கள்தான் இழைக்க வேண்டும்.

---

கடைசல்காரர் · நவம்பர் 15, காலை 9:10

சக்கரத்தைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார், அச்சைப் பற்றி நான் சொல்கிறேன். 50 கிராமுக்கு அசையவில்லை என்றீர்கள் இல்லையா? அதில் பாதிப் பழி அச்சின் மேல்.

6 மி.மீ. மரக்குச்சி மரத் துளையில் சுழல்கிறது. உரசல் சக்கரத்தைத் தடுக்கும் பலம் அச்சின் ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் மூன்றில் ஒன்றானால் தடையும் மூன்றில் ஒன்று. அதனால் அச்சின் உடம்பு தேக்காகவே இருக்கட்டும், இரண்டு நுனியிலும் மட்டும் 2 மி.மீ. இரும்புக் கம்பி இறக்குங்கள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி சரியாக அந்தத் தடிமன், நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும். சட்டத்தில் துளைக்குப் பித்தளைக் குழாய்த் துண்டு போடுங்கள். பழைய ரேடியோ ஏரியலின் உள் குழாய்களை அறுத்தால் வேண்டிய அளவு கிடைக்கும்.

நுனியில் துளை நட்டநடுவில் விழ வேண்டும். கையால் துளைத்தால் விழாது. கடைசல் இயந்திரத்தில் குச்சியைச் சுழலவிட்டு, துளைக்கும் அலகை அசையாமல் பிடித்துப் போட வேண்டும். பக்கத்தில் கடைசல் பட்டறை இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லையென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், குச்சியை அனுப்பினால் போட்டுத் தருகிறேன்.

---

லேசர்தம்பி · நவம்பர் 15, பகல் 1:15

அண்ணே சொன்னதை எண்ணில் பார்க்க ஆசைப்பட்டுக் கணக்குப் போட்டேன். 2.5 கிலோ, 1 மீட்டர் இறக்கம் என்றால் மொத்தம் 24.5 ஜூல். அதை ஒரு நாளின் 86,400 விநாடிக்குப் பங்கு போட்டால் 0.00028 வாட். ஒரு வாட்டை மூவாயிரத்து ஐந்நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. டிவியில் எரியும் சிவப்புப் பொட்டு விளக்கு இதைவிடப் பல மடங்கு தின்னும். இந்தக் கடிகாரம் முழுவதும் இவ்வளவில்தான் ஓட வேண்டும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு என் கடிகாரங்களின் அச்சையும் மாற்றப் போகிறேன். இரண்டிலும் 5 மி.மீ. மரக்குச்சிதான் போட்டிருக்கிறேன், 4 கிலோ வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

நடைவண்டி அண்ணா, பினியனையும் மாற்றுங்கள். 8 பல் இன்வால்யூட் (வழக்கமான வளைவுப் பல்) பினியனில் பல்லின் அடி குடைந்துவிடும், மரத்துக்கு அது ஆகாது. இரண்டு வட்டத் தகட்டுக்கு நடுவே எட்டுக் கம்பி நிற்கும் லாந்தர் பினியன் போடுங்கள். 24 மி.மீ. வட்டத்தில் 4 மி.மீ. இரும்புக் கம்பி எட்டு. சக்கரத்துப் பல்லின் மேல் வளைவை அதற்கேற்ற மாதிரி மாற்ற வேண்டும், வரைபடம் அனுப்புகிறேன். தூசி விழுந்தாலும் கம்பி இடுக்கில் நிற்காது.

---

தறிமேடை · நவம்பர் 15, மாலை 6:20

தம்பியின் வரைபடம் வந்ததும் நேரே சட்டத்தில் துளை போட்டுவிடாதீர்கள். ஒரு வேண்டாத பலகையை எடுத்து, ஒரு அச்சை நிலையாகவும் இன்னொன்றை நகர்கிற துண்டிலும் நிறுத்துங்கள். சக்கரத்தையும் பினியனையும் அதில் மாட்டி, விரலால் சுற்றிக்கொண்டே கிட்டே தள்ளுங்கள், விலக்குங்கள். ஓசை மாறும். கரகரப்பு போய் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்தி அளந்து, அந்த அளவைச் சட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கணக்குப்படி 108 மி.மீ. வர வேண்டும். மரத்தில் கொஞ்சம் கூடத்தான் வரும், அதை அப்படியே நம்புங்கள்.

---

சொப்புப்பெட்டி · நவம்பர் 16, காலை 6:30

பனிமழை அவர்கள் ஹாரிசனைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஜப்பானின் தேநீர் கொண்டுவரும் பொம்மை நினைவுக்கு வந்தது. கையில் கோப்பையை வைத்தால் நடந்து வரும், எடுத்தால் நிற்கும், திரும்ப வைத்தால் திரும்பிப் போகும். சக்கரம் எல்லாம் மரம், சுருள்வில் திமிங்கிலத்தின் வாயிலிருக்கும் பலீன் தகடு. 1796-லேயே அதன் செய்முறையைப் படத்தோடு அச்சிட்டு வெளியிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் இருபதாம் நூற்றாண்டில் திரும்பச் செய்து நடக்கவும் வைத்தார்கள். என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை அட்டையில் செய்துகாட்டியிருக்கிறேன். இந்த வருடம் மரத்தில் முயற்சி செய்யப் போகிறோம். இந்த இழையை அச்செடுத்து வகுப்பில் ஒட்டிவைக்க உங்கள் எல்லோருடைய அனுமதியும் வேண்டும்.

---

நடைவண்டி · டிசம்பர் 21, இரவு 9:05

ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டிருந்தது.

பலகையை அறுத்து, இழைத்து, 1.5 – 3 – 1.5 ஒட்டினேன். முதல் தடவை அசிட்டோன் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். வந்து ஒட்டினால் மறுநாள் ஓரம் பிரிந்தது. இரண்டாவது தடவை துடைத்த கையோடு ஒட்டினேன், பிடித்துக்கொண்டது. பல் வெட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு பல்லின் அடியிலும் முதலில் துளை போட்டுவிட்டு அப்புறம் கைரம்பத்தில் அறுத்தேன். 64 துளை, 64 பல், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

சக்கரத்தை அளந்தேன். நார் திசை 198.1, குறுக்கே 198.2. வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது அளந்தது.

அச்சு நுனிகளைக் கடைசல்காரர் அண்ணன்தான் போட்டுத் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். குச்சிகளோடு அரக்குச் சாயம் ஏற்றிய ஒரு சின்னப் பம்பரமும் பார்சலில் இருந்தது, என் மகளுக்கு.

ஐயா சொன்ன நகர்கிற பலகையில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. ஆனால் வந்தபோது கையே சொல்லிவிட்டது. 108.4 மி.மீ.

நங்கூரம் இல்லாமல் 50 கிராம் கட்டினேன். விர்ரென்று ஓடியது.

18-ஆம் தேதி காலை அப்பா எடையை ஏற்றினார். இந்த மூன்று நாளும் அவர்தான் ஏற்றுகிறார். 2 கிலோதான் வைத்திருக்கிறேன். நிற்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். மூன்று நாளில் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டால் 6 நிமிடம் 20 விநாடி பின்தங்கிவிட்டது. பெண்டுலம் வெளிநாட்டு வரைபடத்தில் சொன்னபடி 994 மி.மீ. வைத்திருக்கிறேன். மரக்கோல் என்பதால் நீண்டுவிட்டதா?

---

பனிமழை · டிசம்பர் 22, மாலை 6:40

வாழ்த்துகள்! அப்பா எடை ஏற்றுகிறார் என்பதை வாசித்து மனம் நிறைந்தது.

கோல் நீளவில்லை. நாரின் நீளவாக்கில் மரம் ஈரத்துக்கும் சூட்டுக்கும் மிகக் கொஞ்சம்தான் அசையும். சூட்டைப் பொறுத்தவரை இரும்பைவிட மரக்கோல் நல்லது. நீங்கள் இருக்கும் இடம்தான் காரணம். 994 மி.மீ. என்பது லண்டன் பக்கத்து அளவு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் இழுப்பு கொஞ்சம் குறையும், அதே நீளப் பெண்டுலம் மெதுவாக ஆடும். மதுரையில் ஒரு விநாடி வீச்சுக்குச் சுமார் 991 மி.மீ. போதும்.

1672-இல் ழான் ரிஷே என்கிற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரிபார்த்த பெண்டுலக் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கயேன் ஊருக்குக் கொண்டுபோனார். அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் சற்றுப் புடைத்தது என்று நியூட்டன் வாதிடுவதற்கு அந்த இரண்டரை நிமிடமும் ஒரு சான்றானது. கயேன் 5 பாகையில் இருக்கிறது, மதுரை 10 பாகையில். உங்களுடைய பின்தங்கல் நாளுக்கு 2 நிமிடம் 7 விநாடி. யோசித்துப் பாருங்கள், உங்கள் தாத்தாவின் கதவு அதையே அளந்து காட்டுகிறது.

1 மி.மீ. குறைத்தால் நாளுக்கு 44 விநாடி முந்தும். கோலின் எடையும் சேர்வதால் அளவுகோல் வைத்து முடிவெடுக்க வேண்டாம், குண்டின் அடியிலிருக்கும் நட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

---

நடைவண்டி · டிசம்பர் 24, காலை 7:15

நட்டின் மரை 0.8 மி.மீ., ஒரு சுற்றுக்கு 35 விநாடி. மூன்றரைச் சுற்று ஏற்றினேன். நேற்றுக் காலை 6 மணியிலிருந்து இன்று காலை 6 மணிவரை 7 விநாடி பின்தங்கல். இன்னும் கொஞ்சம் திருப்பவா?

---

தறிமேடை · டிசம்பர் 24, காலை 7:50

இப்போது தொடாதீர்கள். மழை ஈரம் இன்னும் மரத்தில் இருக்கிறது. பங்குனி வரை தினமும் எத்தனை விநாடி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே ஈரப்பதமும். கோடையில் காய்ந்தபின் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால் நட்டை எங்கே வைப்பது என்று தெரியும். டீச்சர், வகுப்பில் ஒட்டுவதற்கு என் பக்கம் முழுச் சம்மதம்.

---

நடைவண்டி · டிசம்பர் 24, இரவு 8:30

சரி ஐயா. ஈரப்பதமானி ஒன்று வாங்கி சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். நோட்டு அப்பாவிடம் இருக்கிறது. இன்றைய வரி அவர் கையெழுத்தில்: "மார்கழி, காலை 6:00. பின்தங்கல் 7 வி. ஈரம் 78."